நிரந்தரம் கேட்பது குலத்தொழில் கேட்பதா?

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் துப்புரவுத் தொழிலாளிகள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் என்ற இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைக் கம்பெனிக்குக் கொடுத்ததை எதிர்த்து. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்தது. குப்பை அள்ளியவர்களையே அள்ளிக்கொண்டு போனது. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது, அதற்குப் பிறகு நம்ம பக்கத்திலிருந்தே கிளம்பிய ஒரு குரலைப் பற்றி.

எங்க ஊர் வாசகர் வட்டத்தில் சட்டம் படிக்கும் ஒரு தம்பி எழுந்து சொன்னான். "பணி நிரந்தரம்னு கேக்கறதே தப்பு தோழர். நிரந்தரம் ஆக்கிட்டா காலத்துக்கும் குப்பை அள்றோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். அந்த வேலையை விட்டு வெளியேறுறதுதான் விடுதலை. சம்பளம் கூட்டிக் கேக்கறது இல்ல." கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். மேடைகளிலும் இதே பேச்சு கொஞ்சம் மெருகோடு வந்தது.

அன்றைக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. தம்பி சொன்னதில் நியாயமே இல்லை என்று எப்படிச் சொல்வது? எங்கம்மா நகராட்சியில் கூட்டிப் பெருக்கியவர். பள்ளிக்கூடத்தில் 'தோட்டி மகன்' என்று கூப்பிட்டபோது அந்த வேலை மண்ணோடு மண்ணாகப் போகட்டும் என்று சபித்தவன் நான். ஆனால் அந்தத் தம்பி சொன்னதைத் தூக்கத்திலும் புரட்டிப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அவன் சாதியைப் பார்த்தான். சம்பளச் சீட்டைப் பார்க்கவில்லை.

வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25. 44 பேர் எரிந்து போனார்கள். அது கூலிப் போராட்டம், வர்க்கப் போராட்டம் என்று இடதுசாரிகள் எழுதினார்கள். அதில் சாதி எங்கேய்யா போச்சு, குடிசைக்குள் எரிந்தவன் எல்லாம் எந்தச் சேரிக்காரன் என்று நாம் கேட்டோம். 90களில் இப்படிப்பட்ட பத்திரிகைகள் பக்கம் பக்கமாகக் கேட்டன. சரியான கேள்வி. ஆனால் கேட்டுக் கேட்டு எங்கே வந்து நிற்கிறோம்? அவர்கள் கூலியைச் சொல்லிச் சாதியை மறைத்தார்கள். நாம் சாதியைச் சொல்லிக் கூலியை மறக்கிறோம். 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் செத்தது மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளிகளின் கூலிக்காக. வருஷா வருஷம் ஆற்றில் பூப்போடுகிறோம். அந்தக் கூலி எவ்வளவு, எவ்வளவு கேட்டார்கள், கேட்டது வந்ததா என்று பூப்போடும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, சம்பளம் எப்படி நிர்ணயமாகிறது? இதை நான் ஒரு ஏ.சி. ஹாலில் கற்றுக்கொண்டேன். எங்கள் சங்கத்தில் நான் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. மனு எழுதுகிற ஆள். ஒரு கல்லூரியில் 'பயனுள்ள ஊதியமும் சலுகைகளும் வடிவமைப்பது எப்படி' என்று ஒருநாள் பயிலரங்கு. தெரிந்த பேராசிரியர் ஒருவர் தயவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பெரிய கம்பெனிகளில் ஆள் சேர்ப்புப் பிரிவில் இருந்த ஒருவர் வந்து திரையில் படம் போட்டுப் பாடம் எடுத்தார். ஒவ்வொரு வேலையையும் நான்கு அளவுகோலால் அளக்கணுமாம். திறமை எவ்வளவு வேணும், முயற்சி எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு, வேலை செய்யும் சூழல் எப்படி. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, அந்தப் புள்ளிக்கு ஏற்ப ரூபாய். சாதி கிடையாது, மதம் கிடையாது, மூஞ்சி கிடையாது. சுத்தமான கணக்கு. கேட்கும்போது எனக்கே ஆசையாகத்தான் இருந்தது.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "சார், சாக்கடைக்குள்ள எறங்குறவனுக்கு இந்தக் கணக்குல புள்ளி போட்டுக் காட்டுங்க. வேலைச் சூழல்னு ஒரு கட்டம் இருக்குதே. விஷவாயு, மனுசப் பீ, கண்ணாடித் துண்டு. முழுப் புள்ளி விழணுமே. முயற்சியில் முழுப் புள்ளி. அவன் ஒரு வாரம் வரலைன்னா ஊரே நாறும், அப்போ பொறுப்பிலயும் கொறைக்க முடியாது. கூட்டினா இந்த ஹால்ல இருக்கற பாதிப்பேரை விட அவனுக்குச் சம்பளம் அதிகம் வரணும். ஏன் வரல?"

அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சிரித்தார். "உள் மதிப்பு ஒன்று, சந்தை மதிப்பு ஒன்று. அந்த வேலைக்கு ஆள் நிறையக் கிடைக்கிறார்கள். சப்ளை அதிகம்" என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சப்ளை! எவ்வளவு சுத்தமான சொல். இந்த ஒரு சொல்லைத் தோண்டினால் ரெண்டாயிரம் வருஷம் வெளியே வரும். ஏன் எப்போதும் அதே தெருக்களிலிருந்து சப்ளை? ஏன் அக்கிரகாரத்திலிருந்து, மேலத் தெருவிலிருந்து, கீழத் தெருவிலிருந்து சப்ளை இல்லை? எங்க தெருக்காரனுக்கு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வேலை கிடையாது, ஓட்டலில் பரிமாற வேலை கிடையாது, கோயில் வாசலில் பூக்கடை போட முடியாது. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரே ஒரு பொந்தைத் திறந்து வைத்தால் அந்தப் பொந்தில் கூட்டம் நெரியத்தான் செய்யும். அந்த நெரிசலுக்குப் பேர்தான் சந்தை. சாதி ஆளை உற்பத்தி பண்ணிக் கொடுக்கிறது, சந்தை அவனை மலிவாக வாங்கிக்கொள்கிறது. சார் போட்ட படத்தில் இந்தக் கட்டத்தைக் காணோம்.

இது புதுசு இல்லை. பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே தீண்டப்படாதவர்களை விடவில்லை. நாடாவில் நூல் கோக்கும்போது வாயால் உறிஞ்சி இழுக்கணும். அவன் வாய் வைத்த நாடாவில் சாதி இந்துத் தொழிலாளி வாய் வைக்க மாட்டான். அதனால் கூலி குறைந்த பிரிவுகளில்தான் நம்மாள். தடுத்தது முதலாளி மட்டுமில்லை, கூட வேலை செய்த தொழிலாளியும்தான். 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத்தாரின் மூஞ்சிக்கு நேராகக் கேட்டார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளிகள் மாநாட்டிலும் இதே மாதிரி ஒன்றைப் பிட்டு வைத்தார். கேங்மேனாகச் சேர்ந்த தீண்டப்படாதவன் கேங்மேனாகவே சாகிறான், ஸ்டேஷனில் போர்ட்டர் ஆக முடிவதில்லை. காரணம் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்யணும், மாஸ்டர் சாதி இந்து. ஒரு எச்சில் நாடா, ஒரு வீட்டு வாசல்படி. இவை இரண்டும்தான் சம்பள விகிதத்தைத் தீர்மானித்தன. பார்ப்பனியமும் முதலாளியமும் ரெண்டுமே எதிரி என்று அதே மாநாட்டில் சொன்ன மனிதர், 1942லிருந்து 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக உட்கார்ந்தார். 1948இல் சட்டமான குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946இல் கொண்டுவந்தது அவர்தான். கையில் அரசியல் சட்டப் புத்தகத்தோடு சிலை வைக்கிறோம். கூலிச் சட்டத்தோடு ஒரு சிலைகூடக் கிடையாது.

இனி சம்பளச் சீட்டுக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் தோழர்களே. கவிதை மாதிரி இருக்காது.

எங்கள் ஊரில் ஓர் அக்கா. வயது 56. 19 வருஷம் ஒரே வார்டில் தள்ளுவண்டி தள்ளியவர். அதே தெரு, அதே குப்பைத்தொட்டி, அதே மேஸ்திரி, அதே காலை 6 மணி மஸ்டர். மாறியது ஒன்றுதான், காண்ட்ராக்டர் பேர். 19 வருஷத்தில் 7 பேர். கடைசியாக வந்தவன் 55க்கு மேல் ஆள் எடுப்பதில்லை என்று நிறுத்திவிட்டான். அக்கா ஒரு மஞ்சள் பையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, எனக்கு எதாச்சும் வருமா பாரு."

பார்த்தேன். முதலில் பணிக்கொடை. 1972 சட்டத்திலிருந்து வரும் கணக்கு இது. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து. 15,000 சம்பளத்தில் 19 வருஷம் உழைத்தால் 1,64,423 ரூபாய். ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 5 வருஷம் இருந்திருக்கணும். அக்கா 7 காண்ட்ராக்டரிடம் இருந்தவர். ஒருத்தனும் 5 வருஷத்தைத் தொடவில்லை. 1,64,423 என்பது பூஜ்யம் ஆகிவிட்டது. டெண்டர் காலத்தை 2 வருஷம், 3 வருஷம் என்று வைக்கிறார்களே, அது தற்செயலா? பணிக்கொடைக்கு 5 என்று சட்டம் சொன்னால் டெண்டருக்கு 3. இதுதான் வடிவமைப்பு. ஏ.சி. ஹாலில் சொல்லிக் கொடுக்காத வடிவமைப்பு.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் குறித்த காலப் பணியாளருக்கு 1 வருஷத்திலேயே பணிக்கொடை உண்டு என்று இருக்கிறது. நல்ல செய்தி என்று ஒரு தோழர் போன் பண்ணினார். எந்தக் காண்ட்ராக்டரய்யா குப்பை அள்ளுகிறவருக்கு 'குறித்த காலப் பணியாளர்' என்று எழுத்தில் பணி ஆணை கொடுக்கப் போகிறான்? எங்க ஊரில் பணி ஆணை என்பதே மேஸ்திரி விரல் நீட்டி "நாளைக்கு வா" என்று சொல்வதுதான்.

அடுத்தது பென்ஷன். பி.எஃப். பென்ஷன் மாதாமாதம் வரணும் என்றால் 10 வருஷ சேவை கணக்கில் ஏறியிருக்கணும். அக்கா உழைத்தது 19. ஏறியிருந்தது? 2014இல் யூ.ஏ.என். நம்பர் வந்ததே, ஒரு ஆளுக்கு ஆயுள் முழுக்க ஒரே நம்பர் என்று. அக்காவுக்கு மூன்று நம்பர். ஒன்றில் அக்கா பேர் தப்பு, ஒன்றில் பிறந்த தேதி தப்பு. ஒவ்வொரு காண்ட்ராக்டரும் புது நம்பர் போட்டிருக்கிறான். சிலர் சம்பளத்தில் பிடித்தார்கள், கட்டவே இல்லை. மூன்றையும் சேர்த்து, பழைய சீட்டுகளையும் ஒட்ட வைத்து எண்ணினால் 9 வருஷம் 4 மாதம். 9 வருஷம் 6 மாதம் இருந்தாலாவது 10 என்று எடுத்துக்கொள்வார்கள். 2 மாதம் குறைகிறது. அப்படியே 10 ஆனாலும் எவ்வளவு பென்ஷன் வந்துவிடும் என்கிறீர்கள்? 2014இல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த 1,000க்கும் அக்காவுக்குப் பாத்தியதை இல்லை.

மூன்றாவது ஈ.எஸ்.ஐ. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25. உடம்பு முடியாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள், 91 நாள் வரை. ஆனால் அந்த 6 மாத காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்கணும். காண்ட்ராக்டர் மாறும்போது நடுவில் இரண்டு மூன்று மாதம் ஓட்டை விழும். அந்த ஓட்டையில்தான் அக்காவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. நோய்க்கு என்ன தெரியும், டெண்டர் தேதி பார்த்தா வருது?

அடுத்து பேசிக் என்ற தந்திரம். 15,000 சம்பளம் என்பான். சீட்டில் அடிப்படைச் சம்பளம் 6,000; மிச்சம் எல்லாம் வீட்டுப்படி, துவைக்கும் படி, சிறப்புப் படி. துவைக்கும் படியாம்! சோப்பு யார் கொடுத்தது? காரணம் வேறு. பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் அடிப்படையின் மேல்தான் கணக்கு. அடிப்படையைச் சுருக்கினால் எல்லாம் சுருங்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படியை அடிப்படையிலிருந்து பிரித்துக்காட்டி பி.எஃப்.பைக் குறைக்கக்கூடாது என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. படிகள் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியதும் சம்பளமாகவே கணக்காகும் என்று புதிய தொகுப்பும் சொல்கிறது. சொல்லட்டும். சீட்டே கொடுக்காதவனிடம் எதைக் காட்டி வாதாடுவது?

இன்னொரு சட்டம் இருக்கிறது, நம்ம மாணவத் தோழர்கள் கட்டாயம் படிக்கணும். 1981இல் தமிழ்நாடு சட்டமன்றம் போட்ட நிரந்தரத் தகுதிச் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்கணும். 480 நாள்! அக்கா 19 வருஷம். இதை எடுத்துக்கொண்டு போனால், "நீங்க எங்க ஆள் இல்ல, காண்ட்ராக்ட் ஆள்" என்கிறது நகராட்சி. "வேலை நகராட்சியோடது, நான் வெறும் ஆள் சப்ளை" என்கிறான் காண்ட்ராக்டர். ஏ.சி. ஹாலில் கேட்ட அதே சப்ளை. இருவரும் சேர்ந்து அக்காவுக்கு முதலாளியே இல்லாமல் பண்ணிவிட்டார்கள். குப்பைக்கு உரிமையாளர் உண்டு, எடைக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார்கள். அள்ளியவளுக்கு உரிமையாளர் இல்லை. 2022இல் வந்த அரசாணை 152 மாநகராட்சிகளில் இதையே ஒழுங்குமுறையாக்கி விட்டது.

இப்போது சென்னைக்குத் திரும்பலாம். தொழிலாளிகள் சொன்ன கணக்குப்படி சுமார் 23,000 வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கம்பெனி வழியில் சுமார் 16,000. போலீஸ் தூக்கிக்கொண்டு போன மறுநாள், ஆகஸ்ட் 14 அன்று, அரசாங்கம் அறிவிப்புகள் வெளியிட்டது. காலைச் சாப்பாடு இலவசம். காப்பீடு. பிள்ளைகள் படிப்புக்கு உதவி. வீடு. சொந்தத் தொழிலுக்குக் கடன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, விடியற்காலை வெறும் வயிற்றில் வேலைக்குப் போன அம்மாவின் மகன் நான். ஆனால் கேட்டது என்ன? வேலை, சம்பளம், நிரந்தரம். கிடைத்தது என்ன? சோறு. பண்ணையார் களத்தில் நெல்லுக் கூலி உயர்த்திக் கேட்டால், "மதியம் கஞ்சி ஊத்துறேன்ல" என்பார். கூலி என்றால் கணக்குக் கேட்கலாம், குறைந்தால் வழக்குப் போடலாம். கஞ்சிக்கு வழக்குப் போட முடியுமா? உரிமையைச் சலுகையாக மாற்றிக் கொடுப்பதுதான் ஆண்டைத்தனத்தின் ஆதி வித்தை. 2020இல் துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று பேர் மாற்றினார்கள். பேர் ஏறியது. பேசிக் ஏறவில்லை.

இனி அந்தத் தம்பிக்குப் பதில்.

தம்பி, எங்கம்மா 1988இல் நிரந்தரமானவர். 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் உண்டு, அம்மாவுக்கும் வந்தது. மாதம் ஒன்றாம் தேதி சம்பளம். பி.எஃப்.பில் கடன் போட்டு என்னைக் கல்லூரியில் சேர்த்தார். தங்கச்சி நர்ஸ். எங்க வீட்டில் துடைப்பம் அம்மாவோடு நின்றது. தெருவில் நிரந்தர வேலையில் இருந்தவர்கள் வீடுகளை நான் எண்ணிப் பார்த்தேன், 11 வீடு. அதில் 9 வீட்டில் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். டீச்சர், டிரைவர், கோர்ட்டில் எழுத்தர், ஒருத்தன் போலீஸ். காண்ட்ராக்டில் இருப்பவர்கள் வீடுகளில்? அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மகள் பத்தாவதை நிறுத்திவிட்டுத் தள்ளுவண்டிக்கு வருகிறாள். மஸ்டரில் பேர் விடுபட்டால் அந்த இடம் போய்விடும் என்ற பயம். குலத்தொழிலைக் காப்பாற்றுவது நிரந்தரமா, காண்ட்ராக்டா? எங்க தெருவில் வந்து பார்த்துவிட்டுச் சொல்.

"நிரந்தரமானா நாமதான் அதுலயே கெடப்போம்" என்கிறாய். 2019இல் கோயம்புத்தூர் மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவு இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. தொடக்கச் சம்பளம் 15,700. எஞ்சினியர், பட்டதாரி, டிப்ளமோ என்று சுமார் 7,000 பேர் கியூவில் நின்றார்கள். அதே வருஷம் சட்டமன்றச் செயலகத்தில் 14 கூட்டும் இடங்களுக்கு 4,607 மனு. எம்.டெக்., எம்.பி.ஏ. எல்லாம். அந்தக் கூட்டம் எல்லாம் சேரியிலிருந்து மட்டும் வந்ததா? பட்டதாரியின் வேலையில்லாக் கொடுமை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று பார். அதே துடைப்பத்தைக் காண்ட்ராக்டில் தினக்கூலிக்குக் கொடுத்தால் எந்த எம்.டெக். வருவான்? சம்பளம் ஏறினால் வேலைமேல் ஒட்டியிருக்கிற சாதி உதிர ஆரம்பிக்கிறது. சம்பளம் இறங்கினால் மறுபடி வந்து ஒட்டிக்கொள்கிறது. அப்படி வந்த மற்ற சாதிக்காரர்கள் சேர்ந்த மறுமாதமே செல்வாக்கில் ஆபீசுக்குள் ஃபைல் தூக்கப் போய்விடுவதும், வெயிலில் நம்மாள் மட்டும் நிற்பதும் எனக்குத் தெரியும். அதுக்கும் சண்டை போடணும். அதுக்காக மலிவான காண்ட்ராக்டே நமக்கு விடுதலை என்று சொல்ல முடியுமா?

உன் பேச்சில் நான் ஒத்துக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. வாரிசு வேலை. என் சித்தப்பா பணியில் இருக்கும்போதே இறந்தார். அவர் மகன் அப்போது பி.காம். முடித்திருந்தான். கருணை அடிப்படையில் வேலை கேட்டுப் போனால், "உங்கப்பா எடம்தான் காலி, எடுத்துக்கறயா" என்றார்கள். பக்கத்து நாற்காலியில் இறந்துபோன கிளார்க்கின் மகனுக்கு, அவனும் பி.காம்.தான், இளநிலை உதவியாளர் வேலை. அங்கே சலுகை என்ற பேரில் குலத்தொழில்தான் நடக்கிறது. அதை உடைக்கணும். அப்பன் என்ன வேலை பார்த்தான் என்று பார்க்காதே, பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்று பார்த்து வேலை கொடு என்று கேட்கணும். இந்தக் கோரிக்கையை எந்தப் பெரிய சங்கம் முதலில் வைத்திருக்கிறது? வைத்திருந்தால் காட்டுங்கள்.

மெம்ஃபிஸ் நகரத்துக் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளிகளைப் பற்றி நம்ம இதழ்களில் அடிக்கடி வரும். 1968இல் குப்பை லாரியில் நசுங்கி இரண்டு பேர் செத்த பிறகு 1,300 பேர் வேலைநிறுத்தம். நானும் மனிதன் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்காகப் போன இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். படத்தைப் போஸ்டர் போட்டோம். அதற்குப் பின்கதை நம்ம போஸ்டரில் இல்லை. அன்று வேலைநிறுத்தம் செய்து, பிறகு வயதாகிப்போன அந்த மனிதர்களுக்கு நகரத்தின் பென்ஷன் இல்லை. 2017இல்தான், 49 வருஷம் கழித்து, மிஞ்சியிருந்தவர்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. பெரும்பாலானவர்கள் அதற்குள் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

நம்ம நாட்டில் செத்தால்தான் விலை. 1993க்குப் பிறகு சாக்கடையில் இறந்த ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. வாங்கித் தரணும், ஒரு குடும்பத்தையும் விடக்கூடாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்சம் என்பது 15,000 சம்பளத்தில் 200 மாதம், 16 வருஷம் 8 மாதம். அக்கா அதைவிட அதிக காலம் உயிரோடு உழைத்துவிட்டு மஞ்சள் பையோடு நிற்கிறார்.

'நிரந்தரம் வேண்டாம், வெளியேறு' என்று சொல்பவர்களை ஒன்று கேட்கிறேன். வெளியேறி எங்கே போக? 56 வயது அக்கா எந்தக் கணினி படிக்கணும்? எந்திரம் வரட்டும், சாக்கடைக்குள் ஒரு மனுசக் காலும் இறங்க வேண்டாம், அதில் நமக்குள் சண்டையே இல்லை. தெருவைக் கூட்டும் வேலை எந்திரம் வந்தாலும் இருக்கும், அதை யாராவது செய்யணும். அந்த யாராவதுக்கு நேரடி நகராட்சி வேலை, ஒரே யூ.ஏ.என்., காண்ட்ராக்டர் மாறினாலும் அறுந்துபோகாத சேவைக் கணக்கு வேணும். பாதிப்பான வேலைச் சூழலுக்கு என்று தனியாகக் கூடுதல் சம்பளம் அடிப்படையிலேயே சேரணும், படியாக இல்லை. அன்றைக்குப் பயிலரங்கில் அந்த சார் போட்ட நான்கு கட்டத்தையே எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம். அவங்க கணக்கு, அவங்க புள்ளி, நம்மாளுக்குப் போட்டுக் காட்டச் சொல்லலாம். தினக்கூலியும் தற்காலிகமும் ஆனவர்களுக்கும் அதே வேலைக்கு அதே சம்பளம் என்று 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கன்வாடி ஊழியர்களுக்கு, மதிப்பூதியம் என்று பேர் வைத்து ஏமாற்றி வந்ததை ஒதுக்கிவிட்டு, பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அந்தப் பெண்கள் அதைப் பெற்றது மேடைப் பேச்சால் இல்லை. பல வருஷம் கோர்ட் படி ஏறினார்கள்.

நம்ம இயக்கத்தில் சட்டம் படித்த பிள்ளைகள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வன்கொடுமை வழக்கு என்றால் ராத்திரி 2 மணிக்கும் ஓடி வருகிறார்கள், பெருமையாக இருக்கிறது. ஆனால் பி.எஃப். பிடித்துக்கொண்டு கட்டாதவன்மேல் புகார் எழுதணும் என்றால், "அது லேபர் மேட்டர் தோழர், சங்கத்துக்காரங்ககிட்ட கேளுங்க" என்கிறார்கள். சங்கத்துக்காரனைக் கேட்டால், "அது காண்ட்ராக்ட் ஆளுங்க, எங்க மெம்பர் இல்ல" என்கிறான். நடுவில் நிற்பது யார்?

அக்காவின் பைக்குள் இன்னும் ஒரு காகிதம் இருந்தது. 2009ஆம் வருஷத்துச் சம்பளச் சீட்டு, பாதி எலி கடித்தது. அதில் பி.எஃப். பிடித்தம் என்று எழுதியிருக்கிறது, காண்ட்ராக்டர் பேரும் முத்திரையும் தெரிகிறது. அந்த 2 மாதத்தை அதிலிருந்து எடுக்க முடியுமா என்று பார்க்கிறோம். பி.எஃப். ஆபீசுக்கு மனு போட்டாயிற்று. வாசகர் வட்டத்தில் பேசிய அந்தத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, டீக்கடை மாடியில். வார்டு 14லிருந்து இன்னும் 23 பேர் பையோடு வருகிறார்கள். எண்ண ஆள் போதவில்லை.